புண்ணியத்துக்கு வட்டி 24

தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு ஒரு நற்செய்தி. நீங்கள் இனிமேல் கூலிக்காரிகள் இல்லை, தொழில்முனைவோர்! இலையும் தூளும் கம்பெனி கொடுப்பது, கழிவு என்று ஒதுக்கிய பீடிக்குக் கூலி பிடிப்பது, சொளவை மடியில் வைத்துக் குனிந்தே முதுகு வளைவது எல்லாம் அப்படியேதான் இருக்கும். ஆனால் குறுங்கடன் குழுவில் கடன் வாங்கிய அன்றைக்கே உங்கள் போட்டோ யாரோ ஒரு முதலீட்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் ஏறிவிட்டது. சிரித்த முகமாக இருந்தீர்களாம். அதற்குத் தனி மார்க்.

இந்த வித்தைக்குப் பெயர் சமூகத் தாக்க முதலீடு. 2007இல் இத்தாலியின் பெல்லாஜியோவில், ஏரிக்கரை மாளிகையில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கூட்டிய கூட்டத்தில் பெயர் சூட்டினார்கள். ஏழைக்கு நல்லது நடக்கும், பணம் போட்டவருக்கு லாபமும் வரும். எவ்வளவு லாபம்? 2010 ஆகஸ்டில் எஸ்கேஎஸ் மைக்ரோஃபைனான்ஸ் என்ற குறுங்கடன் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போய் 1,600 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. அக்டோபரில், கடன்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகளுக்கு நடுவே, குறுங்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. ஏழைக்கு நடந்த நல்லது அது.

‘கந்துவட்டிக்காரனைவிட நாங்கள் எவ்வளவோ மேல்’ என்பார்கள். கந்துவட்டியை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பச்சைக் குழந்தைகள் என்று எரிந்துபோன குடும்பம் எங்கள் காசிதர்மத்துக் குடும்பம். மனு மேல் மனு கொடுத்தும் அசையாத அரசு, அதைக் கார்ட்டூனாக வரைந்த பாலாவைக் கைது செய்ய மட்டும் இரண்டே வாரத்தில் அசைந்தது. அந்தக் கந்துவட்டியை அளவுகோலாக வைத்துக்கொண்டால் யார்தான் உத்தமர் ஆக மாட்டார்?

24 சதவீத வாக்கில் வட்டி ஏன் என்று கேளுங்கள். ‘இவர்களிடம் அடமானம் இல்லையே’ என்று பதில் வரும். ஏன் இல்லை? 1892இல் வெள்ளைக்காரன் அரசு சென்னை மாகாணத்தில் தலித்துகளுக்கென்று நிலம் ஒதுக்க உத்தரவு போட்டது. பஞ்சமி நிலம். 12 லட்சம் ஏக்கர் என்பது கணக்கு. அதில் எவ்வளவு யார் பட்டாவில் உட்கார்ந்திருக்கிறது என்று எந்தத் தாக்க அறிக்கையும் கேட்பதில்லை. நிலத்தைப் பிடுங்கினார்கள், நிலமில்லாதவள் என்று வட்டியை ஏற்றுகிறார்கள். 2022இல் ரிசர்வ் வங்கி குறுங்கடன் வட்டிக்கு இருந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டது. சந்தை பார்த்துக்கொள்ளுமாம். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் போய்விட்டான். குளிக்கத் தடை விழுந்தது. குழுக்கடன் வாங்கிக் கடை போட்டவள், ஆள் வராத அருவிக்கரையில் நுங்கும் மாங்காயும் யாருக்கு விற்பாள்? அருவிக்குத்தான் தடை, தவணைக்கு ஏது? அந்த நஷ்டத்தில் பாதி என்னுடையது என்று எந்தப் புண்ணியவானும் மலையேறி வரவில்லை. வசூலுக்கு வருகிறவர்களின் லட்சணம் எப்படி என்றால், வற்புறுத்தலைத் தடுக்க 2025இல் தமிழக அரசு தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

2022இல் இதே அரசு ஆதிதிராவிடர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களில் பங்கு எடுப்பதற்கு ஒரு நிதி தொடங்கியது. முழு மாநிலத்துக்கும் சேர்த்து அந்த ஆண்டு 30 கோடி, சோளப்பொரிதான். ஆனாலும் அது பங்கு. தொழில் படுத்தால் போட்டவருக்கும் நஷ்டம்.

கோடிக்கணக்கில் கருணை வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு தைரியம் போதும். இல்லையென்றால் காலையில் நடக்கும் குழுக் கூட்டத்துக்காவது வந்து பாயில் உட்காரட்டும். ஒருத்தி கட்ட முடியாமல் நின்றால், மற்றவர்கள் முந்தானை முடிச்சை அவிழ்க்கும்போது இவர்களும் பர்ஸைத் திறக்கட்டும். கூட்டுப் பொறுப்பு என்று கையெழுத்து வாங்கியது இவர்களுடைய பணம்தானே?