உதவித்தொகை மறுக்கப்பட்டதா? மேல்முறையீட்டில் தோற்க எளிய வழிகள்

மாற்றுத்திறனாளி உதவித்தொகை மனு தள்ளுபடியாகிவிட்டதா? வாழ்த்துகள்! பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதியையும் நீங்கள் நன்றாகத்தான் செய்துவருகிறீர்கள். கொஞ்சம் மெருகேற்றினால் போதும்.

1. மறுப்பை வாய்மொழியாகவே வாங்குங்கள். தாலுகா ஆபீசில் "உங்களுக்கு வராதும்மா" என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். எழுத்தில் கேட்டால் காரணம் வரும். காரணம் வந்தால் பதில் சொல்ல வேண்டிவரும். எதற்கு வம்பு?

2. வாசல் மாறிப் போங்கள். மருத்துவக் குழு 35 சதவீதம் என்று எழுதிவிட்டது, பலன்களுக்கு 40 வேண்டும் என்று வையுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-வது பிரிவு இதற்கென்றே மேல்முறையீட்டுக்கு வழி வைத்திருக்கிறது. அந்தப் பக்கமே போகாதீர்கள். தாசில்தாரிடம் போய்க் காலைக் காட்டுங்கள். சதவீதத்தைத் திருத்த அவருக்கு அதிகாரம் கிடையாது. வருமானத்தைக் காட்டி மறுத்திருந்தால், டாக்டரிடம் ரேஷன் கார்டை நீட்டுங்கள்.

3. மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டால் மாப்பிள்ளை பார்க்கப் போவதுபோல் போங்கள். சலவைச் சட்டை, திருநீறு, சிரித்த முகம். "இப்ப எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்பார். "ஆண்டவன் புண்ணியத்துல பரவாயில்லைங்க" என்று சொல்லுங்கள். எழவு வீட்டிலேயே "நல்லா இருக்கோம்" என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். இதற்குத் தனிப் பயிற்சி வேண்டாம். இரவில் கழிப்பறைக்குப் போக ஆள் வேண்டும், சட்டைப் பொத்தானைப் பெண்டாட்டி போட்டுவிடுகிறாள் என்பதெல்லாம் வீட்டு விஷயம், வெளியே சொல்லலாமா? எக்ஸ்ரேயும் டிஸ்சார்ஜ் சம்மரியும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியிலேயே இருக்கட்டும். குழு மாடியில் உட்கார்ந்திருந்தால், கீழே இறங்கிவரச் சொல்லாதீர்கள். தவழ்ந்தாவது ஏறிவிடுங்கள். ஏறி வந்துவிட்டீர்கள் என்பதைவிட உங்களுக்கு எதிராக வேறென்ன சாட்சி வேண்டும்?

4. திங்கள்தோறும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் புது மனு கொடுங்கள். பழைய மனு எண்ணைக் குறிப்பிட வேண்டாம். ரசீதைப் பஸ்சிலேயே விட்டுவிடுங்கள். மனு படிப்படியாக இறங்கி, உங்களை மறுத்த அதே அதிகாரியின் மேசைக்கு வந்து சேரும். 'தகுதியில்லை' என்று அவரே எழுதி முடித்துவைப்பார். (இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு ஒரு விருது கொடுக்கலாம்.)

5. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்குக் கோப்பின் நகல் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். சீச்சீ! வாசலில் நிற்கும் புரோக்கரிடம் ஐந்நூறு கொடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் புகார் செய்யலாம்; அவருக்கு விசாரணையில் சிவில் நீதிமன்ற அதிகாரங்களே உண்டு. ஆகவே மச்சானுக்குத் தெரிந்த வட்டச் செயலாளரைப் பிடியுங்கள்.

6. மனம் சோர்ந்தால் கணக்குப் போட்டுத் தேற்றிக்கொள்ளுங்கள். மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் 80 சதவீத ஊனம் கேட்கிறது. 80 வயதுவரை அது தரும் பங்கு மாதம் 300 ரூபாய். உங்கள் ஊரிலிருந்து தாலுகா ஆபீசுக்கு ஆட்டோ எவ்வளவு? அடுத்த திங்களுக்கும் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.