சிந்திவிட்டதா?

ஆய்வகத்தில் அமிலம் கொட்டிவிட்டால் முதலில் தேட வேண்டியது துணியா, தண்ணீரா?
— வேதியியல் மாணவர், கோவை

கதவை! வெளியே வந்து பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். மேலே பட்டவர் மட்டும் நனைந்த உடையைக் கழற்றிவிட்டு, அவசரக் குழாயடியில் 15 நிமிடமாவது நிற்க வேண்டும். உயிரைவிட வெட்கம் பெரிதா?

கையுறைதான் போட்டிருக்கிறோமே, அப்புறம் என்ன பயம்?
— அவரே

எந்தக் கையுறை? 1996-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியை கேரன் வெட்டர்ஹானும் போட்டிருந்தார், லேடெக்ஸ் கையுறை. அதன்மேல் ஓரிரு சொட்டு டைமெத்தில் மெர்குரி விழுந்தது. ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து நடையும் பேச்சும் தடுமாறின. 1997 ஜூனில் இறந்துபோனார். பிறகு சோதித்தால், அந்தத் திரவம் லேடெக்ஸை 15 விநாடிக்குள் ஊடுருவிவிடுகிறது! நச்சு உலோகங்களையே ஆராய்ந்தவர் அவர். அன்றைய விதிப்படிதான் வேலை செய்தார். விதிதான் போதவில்லை. ஒவ்வொரு ரசாயனத்துக்கும் அதைத் தாங்கும் கையுறை எது என்று, புட்டியைத் திறக்கும் முன்பே கேளுங்கள்.

வெப்பமானி உடைந்து பாதரசம் ஓடினால் பெருக்கித் தள்ளிவிடலாமா?
— விடுதி மாணவி, திருச்சி

துடைப்பம் பட்டால் ஒரு முத்து நூறு முத்தாகும், ஆவியும் கூடும். வேக்குவம் கிளீனர் இன்னும் மோசம், ஆவியை அறை முழுக்க ஊதிவிடும். நகையைக் கழற்றிவைத்து, ஜன்னலைத் திறந்து, கெட்டி அட்டையால் மெல்லக் கூட்டிச் சேருங்கள். மூடியுள்ள புட்டியில் அடைத்து ஆய்வகப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். கழுவுதொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.