கிணற்றுக்குள் ராஜதுரோகம்

பாண்டிச்சேரிக்கு சனி, ஞாயிறுகளில் வருகிற கூட்டம் மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்து, "முந்நூறு வருஷத்துக் கட்டடம்" என்று போட்டுவிடுகிறது. கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். 1761 ஜனவரியில் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர்களின் கோட்டை, மாளிகை எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். 1765-ல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்தபோது கடல் மட்டும் அப்படியே இருந்தது.

தோற்ற தளபதி லாலி, கைதியாக இங்கிலாந்தில் சௌக்கியமாகவே இருந்தார். மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். என் மீதுள்ள குற்றச்சாட்டுக்கு நானே பதில் சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு பிரான்சுக்குப் போனார். 1766-ல், வழியில் பதில் ஏதும் சொல்லிவிடாதபடி வாயைக் கட்டிக் கூட்டிப்போய், பாரீசில் தலையை வெட்டினார்கள்.

ஆனந்தரங்கப் பிள்ளை விவரமானவர். ஊர் விழுவதற்கு நாலு நாள் முன்னால், ஜனவரி 12-ல், கண்ணை மூடிக்கொண்டார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேவுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்த்துக் காரியம் பார்ப்பவராக இருந்தவர். 1736 முதல் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, யாருக்கு எத்தனை பீரங்கி போட்டார்கள், கவர்னர் பெண்சாதி யார் காரியத்தில் மூக்கை நுழைத்தாள், எல்லாம் அதில் உண்டு. பத்திரிகை இல்லாத ஊரில் ஒற்றை ஆள் நடத்திய பத்திரிகை. வாசகரே இல்லாததால் தணிக்கையும் இல்லை. 1846 வாக்கில்தான் ஒரு பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டது. அதற்குள் திட்டு வாங்கிய அத்தனை பேரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். மானநஷ்ட வழக்குப் போட ஆளில்லை.

தக்காணத்தில் நிஜாமையே உட்கார வைத்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, பணம் சேர்த்துக்கொண்டு பிரான்சுக்குப் போனவர், வயதான காலத்தில் மறுபடி சண்டைக்கு வந்து 1785-ல் இங்கேயே இறந்தார். பழைய கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு ஒரு சமாதியும், ஊருக்குள் ஹாரன் ஓயாத ஒரு வீதியும் கிடைத்தன. துய்ப்ளே பாரீசில் கடனாளியாகச் செத்தார். அவருக்குக் கடற்கரையில் சிலை.

இனி அசல் பத்திரிகை. 1908-ல் சென்னையில் 'இந்தியா' வார இதழ் மீது ராஜதுரோக வழக்கு வந்தது. காகிதத்தில் ஆசிரியராக இருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார். எழுதிக்கொண்டிருந்த பாரதி பாண்டிச்சேரிக்குப் போனார். இந்த ஏற்பாட்டில் சீனிவாசனின் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பத்திரிகையும் பின்னாலேயே வந்தது. அச்சாவது பிரெஞ்சு மண்ணில், படிப்பது ஆங்கில மண்ணில், பல்லைக் கடிப்பது சென்னை சர்க்கார். பிடிக்கவும் முடியாது, விடவும் மனசில்லை. கடைசியில் உள்ளே வராமல் தடுத்தார்கள். 1910-ல் பத்திரிகை படுத்துவிட்டது.

பத்திரிகை போனாலும் சென்னை சர்க்காரின் ஒற்றர்கள் போகவில்லை. ஆங்கில சர்க்காருக்குத் தப்பி அரவிந்தர், வ.வே.சு. ஐயர் என்று ஆள் சேரச் சேர, வேவுக்கூலியும் ஏறியிருக்கும். வேலை செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டுமே! ஐயர் வீட்டுக் கிணற்றில் ராஜதுரோகக் காகிதங்களை ஜாடியில் அடைத்துப் போட்டார்கள். தண்ணீர் இறைத்தபோது ராஜதுரோகம் மேலே வந்தது. ஐயரும் நண்பர்களும் ஜாடியைப் பிரெஞ்சுப் போலீசிடம் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஒற்றர் தரப்பு கொடுத்த புகார் புகார்தானே? நாந்தோ என்ற நீதிபதி அரவிந்தர் வீட்டைச் சோதனையிட வந்தார். வெடிகுண்டைத் தேடியவருக்கு மேஜையில் கிரேக்கமும் லத்தீனும் அகப்பட்டன. லத்தீன் படித்தவன் எப்படிக் குண்டு வைப்பான் என்று மரியாதையோடு திரும்பிப் போனார். பிரெஞ்சுக் கல்வியின் மீது எனக்கு மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

பாரதி 1918-ல் எல்லையைத் தாண்டினார். பத்து வருஷமாகக் காத்திருந்த போலீஸ் கடலூர் அருகிலேயே பிடித்துக்கொண்டது. சில வாரங்களில் விட்டும்விட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போகும் முறையும் வந்தது. அவர்களுடைய வலதுகையாக இருந்த எதுவார் குபேர், 1954-ல் ஒரு நல்ல நாளில் இந்தியப் பக்கம் தாவினார். அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டதில் 170 பேர் இந்தியாவோடு சேரச் சொன்னார்கள். குபேர் பிறகு முதலமைச்சரே ஆனார். கடற்கரைச் சாலைக்கு இன்று அவர் பெயர். அதன் தெற்குக் கோடியில் துய்ப்ளே நிற்கிறார்.

ஆட்சி கைமாறிய நாள் நவம்பர் 1. மறுநாள் கல்லறைத் திருநாள். பிரெஞ்சு ராஜ்ஜியத்துக்காக அழ நினைத்தவர்களுக்குத் தனியாக ஒரு தேதி தேடும் சிரமம்கூட வைக்கவில்லை.