உப்பு பிடித்த சாம்ராஜ்யம்

1795-இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பறித்த வெள்ளைக்காரருக்கு அந்தத் துறைமுகம் ஒரேயடியாகப் பிடித்துப் போயிற்று. 1817-இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய போர்க்கப்பலுக்கு இந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். அந்தக் கப்பலில் பாய் உண்டு. அடுப்பென்றால் குசினி அடுப்புத்தான்.

துரைமாரின் தலைவலி நீராவியோடு வந்தது. சுற்றிவரக் கடல், ஆனால் கொதிகலனுக்குக் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. சரி, கடல் தண்ணீரையே ஊற்றுவோம் என்றார்கள். சல்லிக் கரையில் கருவாடு காயப்போடும் எந்த ஆச்சியைக் கேட்டிருந்தாலும், தண்ணீர் ஆவியாகப் போனபின் அடியில் என்ன மிஞ்சும் என்று சொல்லியிருப்பார். கேட்கவில்லை. தகட்டில் உப்பு கட்டிப்பட்டது, நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாமல் தகட்டையே தின்றது. காய்ச்சிய உப்புத்தண்ணீரை அடிக்கடி கடலுக்குள் திறந்துவிட்டார்கள். கடலுக்கு வெந்நீர் போட்டுக் கொடுக்க இங்கிலாந்திலிருந்து நிலக்கரி!

இதற்கு மருந்தை 1834-இல் சாமுவேல் ஹோல் கொண்டுவந்தார். குழாய்ச் சுவரின் ஒருபக்கம் நீராவி, மறுபக்கம் குளிர்ந்த கடல் நீர். கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி இரண்டும் முகம் பார்ப்பதில்லை. சூடு மட்டும் சுவரைத் தாண்டும். நீராவி நல்ல தண்ணீராகித் திரும்பக் கொதிகலனுக்கே போகும். நீராவியை யாரும் பிடித்துத் தள்ள வேண்டியதுமில்லை. சாதாரண காற்றழுத்தத்தில் அது தண்ணீராகும்போது ஏறக்குறைய 1,600-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அந்த வெற்றிடத்துக்கு அடுத்த நீராவி தானாக ஓடிவரும். போகிற போக்கில் கிராமுக்கு 540 கலோரியை இறக்கிவைக்கும். பனி உருகிய தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கலோரிதான் தேவை என்றால் கணக்கு விளங்கும்.

இவ்வளவு நல்ல சாமானைக் கடற்படை உடனே வாங்கிப் பூட்டியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? எந்திரத்துக்கு மசகாகத் தடவிய மாட்டுக் கொழுப்பு நீராவியோடு வந்து குழாய்களில் படிந்தது, கொதிகலனையும் அரித்தது. 1857-இல் தோட்டாவில் தடவிய கொழுப்புக்காகச் சிப்பாய்கள் எழுந்தார்கள் என்று படிக்கிறோம். கொதிகலன்கள் அதற்கு முன்பே கலகத்தைத் தொடங்கிவிட்டன. ஹோலின் சாமான் பரவலாக 1860-கள் ஆயிற்று.

பிறகு எண்ணெய்க் காலம். எண்ணெய்ப் பித்துப் பிடித்த அட்மிரல் ஃபிஷர், சிக்கனம் என்று சொல்லி 1905 வாக்கில் திருகோணமலைக் கப்பல் தளத்தை மூடவைத்தார். அதே கடற்படை 1920-களில் திரும்பி வந்து, அந்த எண்ணெய்க்காகவே சீனன்குடாக் காட்டுக்குள் ராட்சதத் தொட்டிகளைக் கட்டத் தொடங்கியது. உலை எண்ணெய் பாகுபோலத் தடித்தது. கப்பலில் அதை நீராவியால் சூடாக்கி இளக்கினால்தான் அடுப்பில் தெளிக்க முடியும். ஆக, நீராவி உண்டாக்க எண்ணெய், எண்ணெயை இளக்க நீராவி. குளிர்ந்து தண்ணீரானதைக் குழாயிலிருந்து வடித்துவிட மறந்தால், பின்னால் வரும் நீராவி அதைத் தூக்கி வளைவில் மோதும். சம்மட்டி அடிபோலச் சத்தம் கேட்கும், சில நேரம் குழாயே வெடிக்கும்.

1942 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் வந்தன. தொட்டி ஒன்று நாட்கணக்கில் எரிந்தது. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு ஓடிய ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பலும் தப்பவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது.

இத்தனை கூத்துக்கும் பக்கத்திலேயே கன்னியா இருக்கிறது. தாயின் கிரியைக்காக ராவணன் வாளால் ஏழு இடத்தில் குத்தினானாம். ஏழு வெந்நீர்க் கிணறு. மழைநீர் பாறைப் பிளவால் ஆழத்துக்கு இறங்கி, சூடேறி மேலே வருகிறது என்கிறார்கள் நிலவியலாளர்கள். எப்படியானாலும் நிலக்கரி கேட்கவில்லை, எண்ணெய் கேட்கவில்லை, மாட்டுக் கொழுப்பும் கேட்கவில்லை. பொறியியலில் என் வாக்கு ராவணனுக்கே.

வெள்ளைக்காரர் 1957-இல் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். மிஞ்சிய 99 தொட்டிகளுக்கு 2022 ஜனவரியில் பாகப்பிரிவினை நடந்தது: லங்கா ஐஓசிக்கு 14, இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவருக்கும் கூட்டாக 61.