லைலாக் நிறத்தில் ஒரு மூச்சுத்திணறல்

பிரெஞ்சு புல்டாக் குட்டி வேண்டுமா? என்ன நிறத்தில் காட்டட்டும்? ப்ளூ இருக்கிறது, லைலாக் இருக்கிறது, இஸபெல்லா இருக்கிறது, மை தெளித்தாற்போல் மெர்ல் இருக்கிறது. ஆடித் தள்ளுபடியில் தியாகராய நகர்ப் பட்டுக்கடைக்காரர்கூட இத்தனை நிறத்தை எடுத்துப் போட மாட்டார். ஒரே வித்தியாசம், சேலை மூச்சு விட வேண்டியதில்லை.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்த நிறங்களை வைத்துப் பல ஆண்டுகளாகச் சண்டை நடக்கிறது. ஒரு பக்கம், அபூர்வ நிறம் என்று சொல்லி விலையைப் பல மடங்கு ஏற்றும் வியாபாரி. மறுபக்கம், இனச் சங்கத்துப் பெரியவர்கள். ஃபான், பிரிண்டில், வெள்ளையில் திட்டு போன்ற சில நிறங்களை விட்டு வேறு எது பிறந்தாலும் அது குலத்துக்கு இழுக்கு என்பது இவர்கள் கட்சி. நடுவில் அந்த நாய் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. தூங்குகிறது என்று நினைத்துவிடாதீர்கள். முகத்தைச் சப்பையாக்கியே தீருவது என்று தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்ததில், விழித்திருக்கும்போதே பல நாய்களுக்கு மூச்சு அப்படித்தான் வருகிறது.

இந்த இனத்தில் நூற்றுக்கு எண்பது ஈற்றுக்கு மேல் வயிற்றைக் கிழித்துத்தான் குட்டி எடுக்க வேண்டியிருக்கிறது என்று 2010-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு சொன்னது. தாயால் பெற்றுப்போட முடியாத இந்த நாய்தான், 31 ஆண்டு முதலிடத்தில் இருந்த லாப்ரடாரைத் தள்ளிவிட்டு, 2022-இல் அமெரிக்கக் கென்னல் கிளப் பதிவேட்டில் முதலிடம் பிடித்தது. பெரியவர்களுக்கோ அதன் மூக்கைப் பற்றிக் கவலை இல்லை. மூக்குக்கு மேலே இருக்கும் முடியின் நிறம்தான் அவர்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது.

முதலில் நிற வியாபாரியைக் கவனிப்போம். மனிதர் மரபியல் படித்ததில்லை. கணக்கில் மட்டும் புலி. தாய் தந்தை இரண்டிடமிருந்தும் நிறத்தை நீர்க்கச் செய்யும் மரபணு வந்துசேர்ந்தால், கருப்பு ப்ளூ ஆகும், பழுப்பு லைலாக் ஆகும். அப்படிப் பிறந்த நாய்களில் சிலவற்றுக்கு வளர வளர முடி கொட்டும், தோல் புண்ணாகும். ப்ளூ டாபர்மேன் வைத்திருப்பவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். முடிக்காகப் பணம் கொடுத்தவருக்கு அந்த முடியே நிற்பதில்லை. வியாபாரிக்கென்ன? முடி கொட்டும்போது நாய் அவர் வீட்டில் இல்லை.

மெர்ல் கதை இதைவிடக் கொடுமை. அந்த மரபணு ஒரு பிரதி இருந்தால் உடம்பில் மேகத் திட்டு. மெர்லையும் மெர்லையும் இணை சேர்த்தால், சராசரியாக நாலு குட்டியில் ஒன்றுக்கு இரண்டு பிரதியும் போய்ச் சேரும். அது பெரும்பாலும் வெளுத்துப் பிறக்கும். அப்படிப் பிறப்பவற்றில் பலவற்றுக்குக் காது கேட்காது. பலவற்றுக்குக் கண் சிறுத்து, பார்வை குறைந்திருக்கும். மெர்லைச் சாதாரண நாயோடு சேர்த்தாலும் பாதிக் குட்டி மெர்லாகவே பிறக்கும். அதாவது அந்தக் குருட்டுக் குட்டி பிறக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் கெட்டிக்காரர் அதிலும் லாபம் பார்ப்பார். இரண்டு பிரதி உள்ள நாயைச் சாதாரண நாயோடு சேர்த்தால், பிறக்கும் குட்டி அத்தனையும் மெர்ல். ஆகவே கண்ணும் தெரியாமல் காதும் கேளாமல் கூண்டில் கிடக்கும் ஒரு ஜீவன் அவருக்கு அச்சு இயந்திரம். பிரிட்டிஷ் கென்னல் கிளப் எந்த இனமானாலும் மெர்லுக்கும் மெர்லுக்கும் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதை 2013 முதல் நிறுத்திவிட்டது. அதனால் என்ன? பேப்பர் இல்லாவிட்டால் ‘எக்ஸாடிக்’ என்று சொல்லி விலையை இன்னும் ஏற்றலாமே.

இனி, தூய்மையின் காவலர்கள். வியாபாரியைத் திட்டும்போது அவர்கள் கண்ணில் நீதியின் சுடர் தெறிக்கும். அவர்கள் கைகளையும் கொஞ்சம் பார்ப்போம்.

டால்மேஷியன் நாய்க்குச் சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகமாகச் சேரும், அதனால் கல் உண்டாகலாம். தூய டால்மேஷியன் எல்லாவற்றிலும் அந்த அமிலக் கோளாறு இருக்கிறது. அதில் ஒன்றுகூட விலக்கல்ல. ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் 1973-இல் டால்மேஷியனை ஒரே ஒரு முறை பாயிண்டர் நாயோடு சேர்த்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடே சேர்த்து, நல்ல மரபணுவை மீட்டுக்கொண்டு வந்தார். 1981-இல் அப்படி இரண்டு நாய்களை அமெரிக்கக் கென்னல் கிளப் பதிவும் செய்தது. கொதித்தது இனச் சங்கம். ரத்தம் கெட்டுவிட்டதாம்! கதவு மூடப்பட்டது. மீண்டும் திறந்தது 2011-இல். முப்பது ஆண்டுகள் புள்ளி அழகாக இருந்தது, வம்சம் சுத்தமாக இருந்தது, நாய் சிறுநீர் கழிக்க முடியாமல் துடித்தது.

பாக்ஸர் நாய்க்கு மார்பிலும் காலிலும் பளிச்சென்ற வெள்ளை இருந்தால் காட்சியரங்கில் பரிசு. அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒன்று முழு வெள்ளையாகப் பிறக்கும். முழு வெள்ளைக்குப் பரிசு கிடையாது. பல தலைமுறைக்கு அதற்குக் கிடைத்தது சாவு. ரோடீஷியன் ரிட்ஜ்பேக் நாயின் முதுகில் முடி எதிர்த்திசையில் வளரும் கோடுதான் அதன் பெருமை. முதுகில் குழிப்புண் வரும் பிறவிக்கோளாறு அந்தக் கோட்டோடு தொடர்புடையது. கோடு இல்லாமல் ஆரோக்கியமாகப் பிறந்த குட்டிகளைக் கொன்றுவந்ததை 2008-இல் பிபிசியின் ஆவணப்படம் உலகுக்குக் காட்டியது. நோயோடு பிறந்தால் வெற்றிக்கோப்பை, நோயில்லாமல் பிறந்தால் மரண தண்டனை. இதற்குப் பெயர் இனப் பாதுகாப்பு.

நிற விதி கடவுள் கொடுத்ததா என்று பார்த்தால், அதுவும் இல்லை. கருப்பு மட்டுமே லாப்ரடார் என்றிருந்த காலத்தில், 1899-இல் பிறந்த பென் ஆஃப் ஹைட் என்ற மஞ்சள் நாயிலிருந்துதான் மஞ்சள் வம்சத்துக்கு மரியாதை வந்தது. இன்று அந்த மஞ்சளை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளி நிற லாப்ரடாரைப் பார்த்து ‘வைமரானர் இனக் கலப்பு’ என்று கத்துகிறார்கள். அமெரிக்கக் கென்னல் கிளப்போ வெள்ளியை ‘சாக்லேட்’ என்று எழுதிப் பதிவு செய்துகொள்கிறது. கட்டணம் மட்டும் நிறம் மாறாமல் வந்துசேரும். அந்தச் சாக்லேட்டும் லேசுப்பட்டதல்ல. பிரிட்டனில் 2018-இல் வந்த ஆய்வில் மற்ற லாப்ரடார்களின் இடைநிலை ஆயுள் 12.1 ஆண்டு, சாக்லேட்டுக்கு 10.7. காது நோயும் தோல் நோயும் அதற்கே அதிகம். அந்த நிறத்துக்காகக் குறுகிய வட்டத்துக்குள் இணை சேர்த்தது காரணமாகலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. சங்கத்தின் முத்திரை பெற்ற நிறம்தான் அதுவும்.

வெள்ளைக்காரன் பைத்தியம் என்று சிரித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். நம் ராஜபாளையத்துக்கு வாருங்கள். 2005-இல் அஞ்சல்தலையில் ஏறிய நாய். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. அதுதான் அசல் என்றோம். அதே ஈற்றில் கருப்பும் பழுப்பும் திட்டும் பிறந்தபோது என்ன செய்தோம்? முன்பெல்லாம் கொன்றோம். நிறமிச் செல் உட்காதிலும் வேலை செய்கிறது. அது இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களில் காது செத்துப்போகும். அதனால்தான் இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. காவலுக்கும் வேட்டைக்கும் பேர் போன நாயை, திருடன் வரும் சத்தம் கேட்காத நாயாக்கியது எது? ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை விளம்பரத்தில் ‘நல்ல சிவப்பு’ என்று காசு கொடுத்து அச்சடிக்கிறோமே, அதே புத்திதான். மனிதர்களிடம் குலமும் நிறமும் பார்த்த கண் நாயை மட்டும் சும்மா விடுமா?

சட்டம் இல்லாமல் இல்லை. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிய வேண்டும் என்கின்றன 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள். தமிழக அரசு 2024-இல் வெளியிட்ட கொள்கை, இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாத நாய்களில் பிரெஞ்சு புல்டாக்கையும் சேர்த்தது. காகிதத்தில் விதி இருக்கிறது. விதியை மீறி விற்பவரிடம் வாங்க, நாம் வரிசையில் நிற்கிறோம்.

குட்டி வாங்கப் போகிறவரே, நிறத்தைக் கேட்காதீர்கள். தாயையும் தந்தையையும் காட்டச் சொல்லுங்கள். காதுச் சோதனை, கண் சோதனைச் சீட்டைக் கேளுங்கள். தாய் தானாக ஈன்றதா, கத்தி வைத்தார்களா என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் ‘ரேர் கலர் சார்’ என்று இழுப்பவரிடமும், ‘வம்சாவளி சுத்தம் சார்’ என்று மார்தட்டுபவரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இரண்டு பேரும் ஒரே கடையின் பங்காளிகள். அந்தக் கடை உங்கள் பணத்தில்தான் ஓடுகிறது.