துறை செத்துப்போச்சு, அட்மிஷன் நடக்குது

ஒப்பிலக்கியம் எம்.ஏ. படிக்கிற பையன் கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் இலை போடுவதற்குள் மாட்டிக்கொள்வான்.

"எதை எதோட மாப்ளே ஒப்பிடுவீங்க?" என்பார் மாமா.

"எதை வேணா எதோடயும் ஒப்பிடலாம் மாமா."

"அதுக்கு ரெண்டு வருசமா?"

மாமாவை லேசாக எடை போட்டுவிடக் கூடாது. 1958இல் அமெரிக்காவின் சாப்பல் ஹில்லில் நடந்த மாநாட்டில் ரெனே வெல்லக் கிளப்பியதும் ஏறக்குறைய இதே சந்தேகம்தான். தனக்கென்று ஒரு பாடப்பொருளையோ ஆய்வுமுறையையோ இந்தத் துறை நிறுவிக்கொள்ளவில்லை என்று போட்டு உடைத்தார். இத்தனைக்கும் அவர் யேல் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியப் பேராசிரியர்.

வேதியியல் காலமாகிவிட்டது என்று எந்த வேதியியல் பேராசிரியரும் புத்தகம் போடுவதில்லை. இங்கே அது சம்பிரதாயம். 1993இல் சூசன் பாஸ்நெட், ஒப்பிலக்கியம் ஒருவகையில் செத்துவிட்டது என்று எழுதினார். எழுதிய இடம், ஒப்பிலக்கியத்துக்கு அவரே எழுதிய அறிமுக நூல். 2003இல் காயத்ரி சக்ரவர்த்தி ஸ்பிவாக்கின் நூல் வந்தது. தலைப்பு, 'ஒரு துறையின் மரணம்'. கலிஃபோர்னியாவின் இர்வைனில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் அவை. அந்த வரிசைக்கு வெல்லக்கின் பெயர். நோயைச் சொன்னவர் பெயரிலேயே சாவையும் சொல்லியாயிற்று. ஐரோப்பாவையே சுற்றிவந்த பழைய ஒப்பிலக்கியம் போகட்டும், ஆசிய ஆப்பிரிக்க மொழிகளைக் கற்றுக்கொண்டு புதிது வரட்டும் என்பதே ஸ்பிவாக்கின் வாதம். நியாயமான வாதம். ஆனால், தலைப்பைப் பார்த்த அப்பாக்கள் உள்ளே போய்ப் படிக்கவா போகிறார்கள்?

இதே ஸ்பிவாக்தான் பிரெஞ்சுத் தத்துவவாதி டெரிடாவின் 'ஆஃப் கிராமட்டாலஜி'யை 1976இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். மொழிபெயர்ப்பாளர் முன்னுரை மட்டும் ஏறத்தாழ 80 பக்கம். நூலகப் பிரதி கிடைத்தால் புரட்டிப் பாருங்கள்: முதல் பத்துப் பக்கத்தில் வரிக்கு வரி பென்சில் கோடு, ஓரத்தில் கேள்விக்குறிகள், முப்பதாவது பக்கத்தில் ஒற்றைக் கோடு, டெரிடா தொடங்கும் இடத்தில் தாள் புத்தம் புதிது. பரீட்சையில் மட்டும் எல்லோரும் டெரிடாவை மேற்கோள் காட்டியிருப்பார்கள்.

இந்தக் கூத்தெல்லாம் ஒரு பக்கம் நடக்க, வேலையும் நடந்துகொண்டுதான் இருந்தது. வெல்லக் பேசுவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1956இல், கவிஞர் புத்ததேவ போஸ் கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் ஒப்பிலக்கியத் துறையைத் தொடங்கிவிட்டார். இந்தியாவில் அதுதான் முதல். யாழ்ப்பாணத்து க. கைலாசபதி பர்மிங்காமில் போய் உட்கார்ந்து, சங்கப் பாணர்களைக் கிரேக்க வீரயுகப் பாடகர்களோடு வைத்துப் பார்த்தார். ஆய்வு 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. அடுத்த வருஷமே தமிழில் 'ஒப்பியல் இலக்கியம்' எழுதினார். எதை எதோடு என்று கேட்கும் மாமாக்களிடம் நீட்ட இதைவிடத் தோதான புத்தகம் கிடையாது.

பாஸ்நெட்டும் 2006இல், தாம் முன்பு சொன்ன யோசனை அடிப்படையிலேயே பிசகு என்று எழுதிவிட்டார். ஆகவே சேர நினைப்பவர்கள் தாராளமாக விண்ணப்பம் போடலாம். சாவுச் செய்தி காதில் விழுந்தால் பதற வேண்டாம். அது பாடத்திட்டத்தில் இருக்கிறது.