உதட்டில் இருப்பு எவ்வளவு?

டிரம்பெட் வாசிப்பவனைப் பார்த்ததும் நம் ஊரில் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். ஒன்று, "நல்ல தம் வேணுமே?" மற்றொன்று, "மூணே மூணு பட்டன்தானா?" முதல் கேள்வியைக் கேட்பவர் என்னைப் பயில்வான் என்று நினைக்கிறார். என் உடம்பை ஒருமுறை மேலும் கீழும் பார்த்த பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிடுகிறார். இரண்டாவது கேள்வியைக் கேட்பவர் என்னைச் சோம்பேறி என்று நினைக்கிறார். அதைக் கைவிடுவதே இல்லை. இருவருக்கும் உட்கார்ந்து விளக்கலாம் என்றால் அவர்களுடைய பஸ் வந்துவிடுகிறது. வடசேரி பஸ் நிலையத்தில் மற்ற நேரங்களில் இவ்வளவு ஒழுங்காகப் பஸ் வந்து நான் பார்த்ததில்லை.

முதலில் பட்டன் கணக்கு. நடுப்பட்டனை அமுக்கினால் சுருதி அரை ஸ்வரம் இறங்கும். முதல் பட்டன் ஒரு ஸ்வரம் இறக்கும். மூன்றாவது ஒன்றரை. அமுக்கியும் அமுக்காமலும் சேர்த்துப் பார்த்தால் எட்டு விதம். அதிலும் முதல் இரண்டையும் சேர்த்து அமுக்கினால் கிடைப்பது மூன்றாவது தனியாகக் கொடுப்பதேதான் என்பதால் நிகரம் ஏழு. இந்த ஏழை வைத்துக்கொண்டு இரண்டரை ஸ்தாயி வாசிக்க வேண்டும். எப்படி? எந்தப் பட்டனையும் தொடாமலே அதில் ச வரும், ப வரும், மேல் ச வரும், அதற்கு மேல் க வரும், ப வரும். எது வர வேண்டும் என்று முடிவு செய்வது விரல் அல்ல, உதடு. ஆர்மோனியக்காரர் கட்டையைப் பார்த்துக்கொள்ளலாம். புல்லாங்குழல்காரர் துளையைத் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். டிரம்பெட்காரன் மேல் ச-வை மனதில் பாடிக்கொண்டு கண்ணை மூடி ஊதுகிறான். க வந்து நிற்கிறது. ஊரே கேட்கிறது.

இந்தப் பட்டன்களுக்கே வயது அதிகமில்லை. ஜெர்மன் நாட்டவரான ஷ்டோல்ட்ஸெலும் ப்ளூமெலும் 1818-ல்தான் பிரஷ்யாவில் வால்வுக்குக் கூட்டாகக் காப்புரிமை வாங்கினார்கள். அதற்கு முன் டிரம்பெட் என்றால் பெரும்பாலும் வெறும் குழாய். உதடு தந்த ஸ்வரம்தான் ஸ்வரம். மொஸார்ட் காலத்து டிரம்பெட்காரர்கள் பெரும்பாலான நேரம் மடியில் குழலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இதுதான். பாட்டு அவர்களுடைய ஸ்வரத்துக்கு வரும்போது இரண்டு தடவை முழங்கிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வார்கள். நான் நூறு ஆண்டு தாமதித்துப் பிறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். கணக்குப் பார்த்தால் இருநூறு ஆகிறது.

அடுத்தது தம். ஊதுவதற்குக் காற்று வேண்டும் என்பதில் தகராறு இல்லை. ஆனால் சத்தம் போடுவது காற்று அல்ல, உதடு. இரண்டு உதடுகளும் கிண்ணம் மாதிரியான மவுத்பீஸுக்குள் துடிக்க வேண்டும். அந்தத் துடிப்பைத்தான் சுமார் ஐந்தடி நீளக் குழாய் வெளியே அழகுபடுத்தி அனுப்புகிறது. மேல் ஸ்வரத்துக்கு உதட்டின் ஓரங்கள் இறுக வேண்டும், காற்று வேகமாகப் போக வேண்டும். இந்த இரண்டையும் பழகுவதற்கு வருஷக்கணக்காகும். எனவே மனித இனம் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது: குழலை முகத்தோடு சேர்த்து அமுக்குவது. அமுக்கினால் மேல் ஸ்வரம் நிஜமாகவே வந்துவிடும். கூடவே உதட்டில் ரத்த ஓட்டம் நின்றுவிடும். அரைமணி நேரத்தில் உதடு மரத்துப்போய், அதற்குப் பிறகு எந்த ஸ்வரமும் வராது.

நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு இது சீக்கிரம் புரிந்தது. உதடு என்பது ஒரு சேமிப்புக் கணக்கு. காலையில் ஓர் இருப்பு இருக்கும். ஒவ்வொரு மேல் ஸ்வரத்துக்கும் கொஞ்சம் கழியும். அமுக்கி வாங்கும் ஸ்வரத்துக்கு வட்டியோடு கழியும். இருப்பு தீர்ந்த பின் எந்த மேலாளரிடம் பேசினாலும் கூடுதலாக ஒரு ஸ்வரம்கூடப் பற்று வைக்க முடியாது.

எங்கள் பேண்டு மாஸ்டர் போலீஸ் பேண்டிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தில் முக்கால்வாசி, "அமுக்காத மக்ளே" என்ற ஒரே வாக்கியம். மீதிக் கால்வாசி, "சொன்னேனே மக்ளே, அமுக்காத." லூயி ஆம்ஸ்டிராங்கின் உதடு கிழிந்து தழும்பேறிய கதையை அவர் புதிதாகச் சேரும் பையன்களுக்கெல்லாம் சொல்வார். டிரம்பெட் ஊதி உலகத்தையே ஆட வைத்தவர் ஆம்ஸ்டிராங். உதட்டுத் தசை கிழிந்துபோகும் கோளாறுக்கு மருத்துவர்கள் அவருடைய செல்லப்பெயரைச் சேர்த்து 'சாட்ச்மோ சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "பேர் எடுக்கணும்னா நல்லா வாசிச்சு எடுக்கணும், நோய்க்கு எடுக்கப்படாது" என்பது மாஸ்டரின் முடிவுரை. ஆம்ஸ்டிராங் இரண்டு வழியிலும் எடுத்தார் என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

கன்னத்தை உப்பக்கூடாது என்பது அடுத்த சட்டம். அப்படியானால் டிஸ்ஸி கிலெஸ்பி? அவர் கன்னம் இரண்டும் பலூனாகப் புடைக்க ஊதியவர். ஜாஸ் உலகில் அவருக்கு ஈடு சொல்ல ஆள் குறைவு. 1953-ல் ஒரு விருந்தில் யாரோ அவருடைய டிரம்பெட் மேல் விழுந்து அதன் வாய் மேல்நோக்கி வளைந்துவிட்டது. ஊதிப் பார்த்தவர், இந்தச் சத்தமே நன்றாக இருக்கிறது என்று, அதன் பிறகு அப்படி வளைந்த டிரம்பெட்டையே செய்யச்சொல்லி வாசித்தார். இந்தக் கதையைச் சொல்லி ஒரு பையன் கன்னத்தை உப்பிக்காட்டினான். மாஸ்டர் அவனிடம் சாந்தமாகச் சொன்னார்: "நீ முதல்ல கிலெஸ்பி ஆயிடு. பெறவு உப்பிக்க."

வீட்டுச் சாதகம் தனி அத்தியாயம். எகிப்தில் துட்டன்காமன் கல்லறையை 1922-ல் கண்டுபிடித்தார்கள் அல்லவா? அதில் இரண்டு டிரம்பெட்டுகள் கிடைத்தன. ஒன்று வெள்ளி, ஒன்று வெண்கலம். 1939 ஏப்ரலில் ஒரு ராணுவ பேண்டுக்காரரை வாசிக்கவைத்து பி.பி.சி. அவற்றை ஒலிபரப்பியது. செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சரித்திர ஆசிரியர்கள் சிரிப்பார்கள். எங்கள் காம்பவுண்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள். இங்கே ஐந்து மாதம் காத்திருக்க வேண்டியதே இல்லை, ஐந்து நிமிஷம் போதும்.

இதிலும் என் மனைவிக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. எவ்வளவு நேரம் ஊதுகிறோமோ அவ்வளவு நேரம் உதட்டுக்கு ஓய்வு தர வேண்டும் என்று டிரம்பெட் ஆசிரியர்கள் சொல்வார்கள். இதை நான் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்று முதல், குழலை எடுத்தாலே சமையலறையிலிருந்து குரல் வரும்: "ஏங்க, அந்த ஓய்வு பிராக்டிஸ் இன்னும் கொஞ்சம் பண்ணுங்களேன். அதுல நீங்க வீக்கா இருக்கீங்க."

தண்ணீர் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். பாட்டுக்கு நடுவே நாங்கள் குழலின் அடியில் உள்ள சிறு சாவியை அமுக்கிச் சொட்டுச் சொட்டாக எதையோ வெளியேற்றுவோம். பந்தி விசாரிக்க வந்த மாமா முகம் சுளித்துக்கொண்டு இலையை மூன்று அடி நகர்த்துவார். அதில் பெரும்பகுதி எச்சில் இல்லை. மூச்சுக்காற்றின் ஈரம் உலோகத்தில் பட்டுக் குளிர்ந்து நீராகிறது. இந்த விஞ்ஞானத்தைப் பந்தியில் வைத்து விளக்கினேன். மாமா இலையை மேலும் மூன்று அடி நகர்த்தினார்.

இனி கூட்டமாக வாசிப்பது. பித்தளைக் குழல்கள் கூட்டமாகத் தெருவுக்கு வந்ததற்குப் பின்னால் சுவாரசியமான காரணங்கள் இருந்திருக்கின்றன. இங்கிலாந்தில் ஸால்ஸ்பரி என்ற ஊரில் 1878-ல் இரட்சணிய சேனைக்காரர்கள் தெருவில் பிரசங்கம் செய்தபோது ரவுடிகள் அடித்தார்கள். பாதுகாப்புக்காக சார்ல்ஸ் ஃப்ரை என்ற கட்டடக்காரரும் அவருடைய மூன்று மகன்களும் கூடப் போனார்கள். போகும்போது தங்கள் பித்தளைக் குழல்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். இரட்சணிய சேனையின் முதல் பேண்டு அதுதான். அடியாளாகப் போனவர்கள் வித்வான்களாகத் திரும்பிய கதை இது. எங்கள் பேண்டில் சில பேர் இதற்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அதற்கும் முந்தியது எரிகோ கதை. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்புக்குப் போன எல்லோருக்கும் தெரியும்: ஆறு நாள் தினம் ஒரு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று, குருக்கள் எக்காளம் ஊத, மக்கள் ஆர்ப்பரிக்க, மதில் விழுந்தது. சின்ன வயதில் மதிலைப் பற்றி ஆச்சரியப்பட்டேன். இப்போது வேறு கவலை. ஆறும் ஏழும் பதின்மூன்று சுற்று. ஊதிய ஏழு பேரின் உதடு என்ன ஆயிற்று? அதைப் பற்றி வேதத்தில் ஒரு வரி இல்லை.

எங்கள் பக்கத்துத் தேர்ப்பவனி எரிகோவுக்குக் குறைந்ததல்ல. இரவு திருப்பலி முடிந்து தேர் கிளம்பினால் ஒவ்வொரு சந்தியிலும் நிற்கும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மெழுகுதிரி வாங்கும், மின்கம்பி தாழ்வாகப் போகும் இடத்தில் கழியோடு ஒருவர் வரும்வரை காத்திருக்கும். தேர் நிற்கலாம், பேண்டு நிற்கக்கூடாது. நின்றால் "காசு வாங்கல்லியா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்கும். நடந்துகொண்டே ஊதும்போது தரையின் ஒவ்வொரு பள்ளமும் மவுத்பீஸ் வழியாகப் பல்லுக்கு வந்து சேரும். எந்தத் தெருவில் ஜல்லி போட்டு தார் போடாமல் விட்டிருக்கிறார்கள் என்பதை நகராட்சிக்கு முன்பே என் மேல்பல் அறியும்.

இதே கூட்டத்தைப் பகலில் வெயிலில் வாசிக்கவிட்டால் வேறு கூத்து. குழலுக்குள் காற்று சூடானால் சுருதி ஏறும். மெல்லிய டிரம்பெட் சீக்கிரம் சூடாகும். பெரிய யூபோனியமும் பேஸும் மெதுவாகத்தான் சூடாகும். எனவே ஒரே பாட்டை நாங்கள் மேலேயும் அவர்கள் கீழேயுமாக வாசித்துக்கொண்டு போவோம். சுருதிக் குழாயை வெளியே இழுத்துச் சரி செய்தால், நிழல் வந்துவிடும். போதாததற்குப் பட்டனிலேயே ஒரு குறை இருக்கிறது. ஒவ்வொரு பட்டனின் குழாயும் தனியாக அமுக்கினால் சரியாக வரும்படி அளந்து வைத்தது. முதலும் மூன்றும் சேர்ந்து அமுங்கும்போது மொத்தக் குழலும் நீண்டுவிடுவதால் அந்த அளவு போதாமல் சுருதி ஏறி நிற்கும். இடது கை மோதிர விரலால் மூன்றாவது குழாயைச் சற்று வெளியே தள்ள வேண்டும். வலது கை மூன்று விரல், இடது கை ஒரு விரல், இரண்டு உதடு, ஒரு நாக்கு. நாதஸ்வரத்தில் துத்துக்காரம் என்பார்களே, அந்த வேலை இங்கே நாக்குக்கு. இத்தனையையும் ஒரே நேரத்தில் ஆட்டிக்கொண்டு, செருப்பு அறுந்த காலோடு நடக்க வேண்டும். மூன்றே பட்டன்தான்.

இத்தனை கஷ்டத்திலும் பேண்டு ஓடுவதற்குக் காரணம் இரண்டாவது டிரம்பெட். நான் இரண்டாவது டிரம்பெட் என்பதால் இதில் பாரபட்சம் இருக்கிறது, ஆனாலும் உண்மை. முதல் டிரம்பெட் ஏ.சி. மெக்கானிக் வேலை பார்க்கும் ஒரு தம்பி. மெட்டு, மேல் ஸ்வரம், கைத்தட்டல், மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பவர்கள் எல்லாம் அவனுக்கு. எனக்கு மூன்று வேலை. முதலாவது, அவனுக்கு அடியில் சற்றுக் கனமாக வாசிப்பது. கீழ்க்குரல் கெட்டியாக இருந்தால்தான் மேல்குரல் முட்டாமல் மிதக்கும். இரண்டாவது, அவன் மூச்சு எடுக்காத இடத்தில் நான் எடுப்பது. எல்லோரும் வரி முடிவில் மூச்சு எடுத்தால் பாட்டில் பொத்தல் விழும். நீண்ட ஸ்வரத்தின் நடுவில், ஒருவருக்கும் தெரியாமல், மெல்ல விட்டு மெல்ல உள்ளே வர வேண்டும். மூன்றாவதுதான் பெரிய வேலை. மூன்றாவது சந்தி தாண்டியதும் அவன் உதட்டில் இருப்பு குறைவதை நான் கேட்டே கண்டுபிடித்துவிடுவேன். ஸ்வரத்தின் ஓரத்தில் காற்றுச் சத்தம் கலக்கத் தொடங்கும். அப்போது அடுத்த சரணத்தின் மெட்டை நான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவன் குழலை வாயில் வைத்தபடி சும்மா விரலை ஆட்டிக்கொண்டு வருவான். கூட்டம் அவனைப் பார்த்துத் தலையாட்டும்.

போன திருவிழாவில் என் சொந்த அத்தை கடைசிவரை கூடவே நடந்து வந்தாள். புரோட்டாக் கடையில், வீங்கிய உதட்டில் சால்னா பட்டு நான் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, "எல்லாருக்க சத்தமும் கேட்டுச்சு மக்ளே, ஒனக்க சத்தம் மட்டும் தனியாத் தெரியவே இல்லையே" என்று வருத்தப்பட்டாள். எதிரில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் எழுந்து எனக்குக் கைகொடுத்தார். அத்தைக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால், முதல் டிரம்பெட் தம்பிக்கு சவுதி விசா வந்துவிட்டது. அடுத்த திருவிழாவுக்கு அவன் இருக்க மாட்டான். மாஸ்டர் என்னைப் பார்க்கிறார். முறைப்படி மனுவே எழுதிக் கொடுத்தேன்: இரண்டாவது டிரம்பெட்டின் இன்றியமையாமை, என் வயது, என் மேல்பல், ஆம்ஸ்டிராங்கின் உதடு எல்லாவற்றையும் விளக்கி, உதட்டைச் செலவழிக்காமல் காப்பதே என் கொள்கை என்று முடித்திருந்தேன். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தார்.

"எல்லாம் செரிதான் மக்ளே. இத்தன காலமா சேத்துச் சேத்து வச்சிருக்கே. எப்ப எடுப்பே? ஒனக்க டெப்பாசிட்டு முதிர்ந்தாச்சு."

முதிர்வுத் தேதியில் வாடிக்கையாளர் வராவிட்டால் நாங்கள் அதைத் தானாகவே அடுத்த தவணைக்குப் புதுப்பித்துவிடுவோம் என்று வங்கி விதியை எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அந்த வசதி பேண்டில் கிடையாதாம்.